நாற்பது நிமிடத்தில் ஒரு குடியிருப்பு

குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் லிஃப்ட் எல்லாத் தளத்திலும் நிற்பதில்லை. ஒன்று, மூன்று, ஐந்து, அவ்வளவுதான். கட்டும்போது செலவைக் குறைக்க அப்படிச் செய்தார்கள். மற்றத் தளங்களில் வீடு கிடைத்தவர்கள் ஒரு தளம் முன்னாலோ பின்னாலோ இறங்கி, காய்கறிப் பையையும் கைக்குழந்தையையும் சுமந்துகொண்டு படியேறவோ இறங்கவோ வேண்டும். பிள்ளைகள் விளையாடியதும், இளவட்டங்கள் கூடிப் பாடியதும், பிற்காலத்தில் போதைப்பொருள் கைமாறியதும் அந்தப் படிக்கட்டுகளிலும், கீழ் முகப்பிலும், கட்டடங்களுக்கு நடுவே கிடந்த பெஞ்சுகளிலும்தான்.

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், ஈஸ்ட் ஆற்றங்கரையில், குயின்ஸ்பரோ பாலத்தை ஒட்டி 1939-இல் திறக்கப்பட்ட அரசு வாடகைக் குடியிருப்பு அது. 3,142 வீடுகள். அமெரிக்காவிலேயே பெரிய பொதுக் குடியிருப்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனின் உயர்ந்த கட்டடங்கள். இந்தப் பக்கம் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். தொடக்கத்தில் வெள்ளையர் குடும்பங்கள் நிறைய இருந்தன. 1950-களில், ஆண்டு வருமானம் 3,000 டாலரைத் தாண்டிய குடும்பங்களை நிர்வாகம் வேறு குடியிருப்புகளுக்கு மாற்றியது. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். காலியான வீடுகளுக்குக் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் வந்தன. நாலு காசு சேர்த்தவரை வெளியே அனுப்பி, இல்லாதவரை மட்டும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் அந்த இடம் என்ன ஆகுமோ, குயின்ஸ்பிரிட்ஜ் அப்படித்தான் ஆனது.

இங்கே வளர்ந்த நாஸ் என்ற இருபது வயது இளைஞர் 1994 ஏப்ரல் 19 அன்று வெளியிட்ட முதல் ஆல்பம் 'இல்மாட்டிக்'. பத்தே தடங்கள், ஏறக்குறைய நாற்பது நிமிடம். ஒரு நகரத்துத் தெருவின் வாழ்க்கையை ராப் இசையில் இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன வேறொரு ஆல்பத்தை நான் கேட்டதில்லை. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மேதைச் சிறுவன் திடீரென்று வானத்திலிருந்து குதித்ததுபோல எழுதுகிறார்கள். நாஸின் திறமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்த ஆல்பத்தைக் கேட்கக் கேட்க எனக்கு அதில் பலருடைய கை தெரிகிறது. அப்பாவின் இசைத்தட்டுகள், மேல்வீட்டு நண்பன், பக்கத்துக் கட்டடத்து அண்ணன்கள், கதவைத் திறந்துவிட்ட ஒரு பெண் அதிகாரி, கொலையுண்ட ஒரு ஒலிப்பொறியாளர் என்று அந்த வரிசை நீளமானது. அவர்களில் ஒருவர் விட்டுப்போயிருந்தாலும் இந்த ஆல்பம் இப்படி வந்திருக்காது.

நாஸ் என்கிற நாசிர் ஜோன்ஸ் 1973 செப்டம்பர் 14 அன்று புரூக்ளினில் பிறந்தவர். அப்பா ஓலு டாரா, மிசிசிப்பி மாநிலத்து நாட்செஸ் ஊரிலிருந்து வந்த, கார்னெட் ஊதும் கலைஞர். ஆர்ட் பிளேக்கி போன்ற பெரிய ஜாஸ் கலைஞர்களோடு வாசித்தவர், அடிக்கடி வெளியூர்ப் பயணத்தில் இருப்பவர். அம்மா ஆன், அஞ்சல் துறை ஊழியர். நாசிர் சிறுபிள்ளையாக இருந்தபோதே குடும்பம் குயின்ஸ்பிரிட்ஜுக்குக் குடிவந்தது. வீட்டில் இசைக்கருவிகளும் இசைத்தட்டுகளும் புத்தகங்களும் நிறைந்து கிடந்தன. 1985-இல் பெற்றோர் பிரிந்தார்கள். பையன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டான். அந்தப் பள்ளிகள் தன் பிள்ளைகளுக்கு எதுவும் தரவில்லை என்பது தகப்பனின் எண்ணம், அவர் தடுக்கவில்லை. பிறகு அவனுக்குப் பாடம் ஆனவை வீட்டுப் புத்தகங்களும் கீழே இருந்த தெருவும்தான். இரண்டு மகன்களையும் கரைசேர்க்கும் பாரம் அம்மாவின் தோளில் விழுந்தது.

நாஸ் பிறந்த 1973 இன்னும் இரண்டு காரியங்களுக்கும் பிறந்த ஆண்டு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸ் பகுதியின் செட்ஜ்விக் அவென்யூ கட்டடம் ஒன்றில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். அதே ஆண்டு மே மாதம், ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லர் நியூயார்க் மாநிலத்தின் கடுமையான போதைப்பொருள் சட்டங்களில் கையெழுத்திட்டார். சில அவுன்ஸ் சரக்கோடு பிடிபட்டவனுக்கும் 15 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் சிறை. நாஸின் தலைமுறை இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தது. 'இல்மாட்டிக்' ஆல்பத்தில் ஏன் இத்தனை நண்பர்கள் கம்பிக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்று கேட்பவர் அந்தச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

குடியிருப்பில் ராப் நாஸுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. மார்லி மார்ல் என்ற இசையமைப்பாளர் அங்கேயே ஒரு வீட்டில் கருவிகளை வைத்துப் பாடல்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார். 1984-இல் துணி துவைக்கப் போய்க்கொண்டிருந்த ரோக்ஸான் ஷான்டே என்ற பதின்வயதுப் பெண் வழியில் அவர் வீட்டுக்குள் நுழைந்து ஒரு பாட்டைப் பதிந்துவிட்டுப் போனாள். அது நாடெங்கும் வானொலியில் ஓடியது. பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு டிரம் அடியை மட்டும் தனியே வெட்டி எடுத்து, அதை வைத்துப் புதுத் தாளம் கட்டலாம் என்று ஹிப்-ஹாப்புக்குக் காட்டிக்கொடுத்தவரும் மார்லி மார்ல்தான். ஒரு சிறுவனுக்கு இதைவிடப் பெரிய பள்ளி வேண்டுமா? தான் தினமும் நடக்கும் தெருவின் பெயர் வானொலியில் வருகிறது. பக்கத்துக் கட்டடத்து அண்ணன் பத்திரிகையில் இருக்கிறார்.

பிறகு ஓர் அடி விழுந்தது. எம்சி ஷான் குயின்ஸ்பிரிட்ஜின் புகழ் பாடி 1986-இல் வெளியிட்ட பாட்டுக்கு, பிராங்ஸைச் சேர்ந்த கேஆர்எஸ்-ஒன் அடுத்தடுத்து இரண்டு பாட்டில் பதில் கொடுத்தார். இரண்டாவது, 1987-இல் வந்த 'தி பிரிட்ஜ் இஸ் ஓவர்', குயின்ஸ்பிரிட்ஜை ஊரறியத் தோற்கடித்தது. கேலிப் பாட்டுதான், ஆனால் குடியிருப்பு மொத்தமும் அதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டது. அப்போது நாஸுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. ஊர் மானத்தை மீட்க யாராவது வரமாட்டார்களா என்று பெரியவர்கள் எதிர்பார்த்திருந்த காலத்தில் அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

மேல்வீட்டில் வில்லி கிரகாம் இருந்தார். 'இல் வில்' என்று கூப்பிடுவார்கள். இருவரும் உயிர் நண்பர்கள். வில் இசைத்தட்டுகளைச் சுழற்ற, நாஸ் 'கிட் வேவ்' என்று தனக்குத்தானே ஒரு பெயர் சூட்டிக்கொண்டு பாடுவார்.

அந்த வட்டத்துக்கு வெளியே முதலில் காது கொடுத்தவர் லார்ஜ் புரொஃபசர். பெயரைக் கேட்டால் வயதானவர் என்று தோன்றும். நாஸைவிட ஒன்றரை வயதுதான் மூத்தவர். குயின்ஸின் ஃப்ளஷிங் பகுதிக்காரர். அவருக்கு எஸ்பி-1200 என்ற சாம்பிளிங் கருவியைக் கற்றுக்கொடுத்த பால் சி என்ற ஒலிப்பொறியாளர் 1989 ஜூலையில் இளவயதிலேயே கொலை செய்யப்பட்டார். குரு பாதியில் விட்ட வேலைகள் சீடனின் கைக்கு வந்தன. அப்படித்தான் அவர் எரிக் பி - ராகிம், கூல் ஜி ராப் போன்ற பெரிய ஆட்களின் பதிவுகளில் உட்கார்ந்தார். அந்த நட்சத்திரங்கள் ஸ்டூடியோவில் இல்லாத இடைவெளிகளில் நாஸை உள்ளே அழைத்து மைக்கின் முன்னால் நிறுத்தினார். பதினாறு வயதுப் பையன், தான் தெய்வமாக நினைத்த ராகிம் நின்ற அதே அறையில் நின்று பாடினான். அந்தப் பதிவுகள் வெளிவரவில்லை. ஆனால் நாஸின் பயிற்சிக்காலம் அதுதான். ராகிமிடமிருந்து நிதானத்தையும், கூல் ஜி ராப்பிடமிருந்து மூச்சுவிடாமல் அடுக்கும் வேகத்தையும் எடுத்துக்கொண்டது அவர் பாட்டில் தெளிவாகவே கேட்கிறது.

1991-இல் லார்ஜ் புரொஃபசரின் மெயின் சோர்ஸ் குழு வெளியிட்ட ஆல்பத்தில் 'லைவ் அட் தி பார்பிக்யூ' என்று ஒரு பாட்டு. பலர் சேர்ந்து பாடியது. முதல் பத்தி நாஸுக்கு. ஏசுவைத் தொட்டுப் பேசிய ஓர் அடாவடி வரியால் நியூயார்க் முழுவதும் இது யார் என்று கேட்டது. ஒரே ஒரு பத்திதான். அதைக் கேட்டுவிட்டு அந்தப் பையனைத் தேடத் தொடங்கியவர்களில் கொலம்பியா நிறுவனத்தின் ஃபெய்த் நியூமனும் ஒருவர். அவர் பிறகு வருகிறார்.

இதற்குள் குடியிருப்பு மாறியிருந்தது. 1980-களின் நடுவில் 'கிராக்' கோகெயின் வந்தது. மலிவானது, புகைத்தவுடன் தலைக்கேறுவது, சிறு பொட்டலங்களாக விற்கத் தோதானது. பதினைந்து வயதுப் பையன் அம்மாவின் மாதச் சம்பளத்தை வாரத்தில் பார்க்கலாம் என்றால் கடைக்காரன் வேலைக்கு யார் போவார்கள்? 1986-இல் நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளிலேயே அதிகக் கொலைகள் நடந்தது குயின்ஸ்பிரிட்ஜில்தான். நகரம் முழுவதும் 1990-இல் கொலை எண்ணிக்கை 2,200-ஐத் தாண்டியது. 'இல்மாட்டிக்' சொல்லும் தெரு அந்த ஆண்டுகளின் தெரு.

1992 மே 23 இரவு இல் வில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே இரவில் நாஸின் தம்பி ஜபாரியும் குண்டடி பட்டார், பிழைத்துக்கொண்டார். அவரைக் குடியிருப்பில் 'ஜங்கிள்' என்பார்கள். நண்பன் போனான், தம்பி மருத்துவமனையில். நாஸுக்கு அப்போது பதினெட்டு. விளையாட்டாக இருந்த பாட்டு அதன்பிறகு விளையாட்டாக இல்லை. பிற்காலத்தில் தன் நிறுவனம் ஒன்றுக்கே அந்த நண்பனின் பெயரை வைத்தார். ஆல்பம் முழுக்க வில்லின் பெயர் அங்கங்கே வந்துபோகும். இறந்தவரை விசாரித்து அழைப்பதுபோல இருக்கும்.

கதவு திறந்த கதைக்கு வருகிறேன். தேர்ட் பேஸ் குழுவின் எம்சி செர்ச் 1992-இல் தன் தனிப்பாட்டு ஒன்றில் நாஸைச் சேர்த்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, இவ்வளவு பேசப்படுகிற பையனுக்கு ஒப்பந்தமே இல்லை என்று. டெமோவை எடுத்துக்கொண்டு டெஃப் ஜாம் நிறுவனத்தின் ரஸ்ஸல் சிம்மன்ஸிடம் போனார். இவன் கூல் ஜி ராப் மாதிரி இருக்கிறான், அந்த மாதிரி விற்காது என்று சிம்மன்ஸ் கைவிரித்துவிட்டார். செர்ச் நேராகக் கொலம்பியாவுக்குப் போனார். ஃபெய்த் நியூமன் கேட்டார், உடனே பிடித்துக்கொண்டார். ராப் வரலாற்றை எழுதுகிறவர்கள் இசையமைப்பாளர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்தப் பெண்ணை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அவர் இல்லையென்றால் இந்த ஆல்பம் இன்னொரு வெளிவராத கேசட்டாகவே தங்கியிருக்கும்.

ஆல்பத்திலிருந்து முதலில் வெளிவந்தது 'ஹாஃப்டைம்', 1992-இல், 'ஜீப்ராஹெட்' படத்தின் பாடல் தொகுப்பில். அதற்குப் பிறகு நாஸ் அவசரப்படவில்லை. அவசரப்பட வைக்கும் காலம்தான் அது. மேற்குக் கரையில் டாக்டர் டிரேயின் 'தி கிரானிக்' 1992 டிசம்பரிலும், ஸ்னூப்பின் முதல் ஆல்பம் 1993 நவம்பரிலும் வந்து விற்பனையில் எல்லோரையும் ஓரங்கட்டின. கிழக்கே ஊ-டாங் கிளான் மட்டும் அதே நவம்பரில் முரட்டுத்தனமாகக் குரல் எழுப்பியது.

அந்தக் காலத்து ராப் ஆல்பத்துக்கு வழக்கமாக ஓர் இசையமைப்பாளர் அல்லது ஒரு குழுதான் இருக்கும். 'இல்மாட்டிக்'கில் லார்ஜ் புரொஃபசர், டிஜே பிரீமியர், பீட் ராக், க்யூ-டிப், எல்.ஈ.எஸ். என்று ஐந்து பேர். எல்.ஈ.எஸ். தவிர எல்லோரும் அப்போதே தங்கள் குழுக்களில் பெயர் பெற்றவர்கள். முதல் ஆல்பம்கூட வராத ஒரு பையனுக்கு இப்படி ஒரு கூட்டம் எப்படிச் சேர்ந்தது? லார்ஜ் புரொஃபசர் அவரை ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போனார் என்பது ஒரு காரணம். மற்றவர் செய்த பாட்டைக் கேட்டுவிட்டு, நம்முடையது இதற்குக் குறைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொருவரும் ரோஷப்பட்டது இன்னொன்று. அந்த ரோஷம் ஆல்பத்தில் கேட்கிறது. இளைத்த தடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் 'ஒன் டைம் ஃபார் யுவர் மைண்ட்' என்பேன், அதுகூடத் தெருமுனைச் சோம்பலை அப்படியே காட்டுவது.

இந்த இசை எப்படிக் கட்டப்பட்டது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1987-இல் வந்த எஸ்பி-1200 கருவியின் நினைவகத்தில் மொத்தமே பத்து வினாடி ஒலிதான் அடங்கும். ஒரு துண்டு இரண்டரை வினாடிக்கு மேல் போக முடியாது. இடம் போதவில்லையென்று அந்தத் தலைமுறைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 33 வேகத்தில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டு, கீச்சென்று வேகமாக ஒலிப்பதைப் பதிவார்கள். பிறகு கருவிக்குள் அதன் வேகத்தைக் குறைத்துப் பழைய சுருதிக்குக் கொண்டுவருவார்கள். நேரம் மிச்சமாகும். ஆனால் இந்த இழுப்பில் ஒலியின் ஓரங்கள் தேய்ந்து, மேல்ஸ்தாயிகள் மங்கி, ஒரு புகைமூட்டம் படிந்துவிடும். டிரம் மட்டும் கனத்து நெஞ்சில் இடிக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்து நியூயார்க் ராப்பில் குளிர்கால இரவு மாதிரி ஒரு மங்கல் இருக்கிறதே, அதில் பாதி இந்தக் கருவிகளின் போதாமையிலிருந்து வந்தது.

சட்டமும் குறுக்கே நின்றது. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி மீதான வழக்கில், அனுமதி இல்லாமல் பழைய பாட்டைச் சாம்பிள் எடுப்பது திருட்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிஸ் மார்க்கி மார்லி மார்லின் குழுவைச் சேர்ந்தவர்; அந்த வகையில் அதுவும் குயின்ஸ்பிரிட்ஜோடு தொடர்புள்ள வழக்குதான். ஒரு பாட்டில் இருபது சாம்பிளை அடுக்கும் காலம் முடிந்தது. குறைவாக எடு, சரியானதை எடு என்ற நிலை வந்தது. 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டுக்குப் பீட் ராக் 1970-இல் வந்த அகமது ஜமாலின் ஜாஸ் தட்டிலிருந்து ஒரு சிறு பியானோத் துணுக்கை எடுத்தார். அவ்வளவுதான், அதைச் சுற்றி டிரம்ஸ். அந்தத் துணுக்கு திரும்பத் திரும்ப வரும்போது ஒவ்வொரு முறையும் ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று மனம் நம்புகிறது, நடப்பதில்லை, மறுபடி நம்புகிறது. டெமோ காலத்திலிருந்தே கையிலிருந்த 'இட் ஏன்ட் ஹார்ட் டு டெல்' பாட்டில் லார்ஜ் புரொஃபசர் மைக்கேல் ஜாக்சனின் 'ஹியூமன் நேச்சர்' பாட்டை எடுத்து, தெருவில் நடக்க வைத்தார்.

பிரீமியர் வேலை செய்தது மன்ஹாட்டனின் டி அண்ட் டி ஸ்டூடியோவில். 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' அங்கேதான் பதிவானது. ஜோ சேம்பர்ஸின் 1978-ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றிலிருந்து கனத்த பியானோத் துண்டு, மேலே டொனால்ட் பேர்டின் தட்டிலிருந்து ஒரு கூர்மையான ஒலி. தாளம் ஓடத் தொடங்கிய பிறகும் நாஸ் உடனே பாடவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்பதுபோல ஏதோ முணுமுணுக்கிறார். ஆல்பத்தில் இன்றும் அது கேட்கிறது, யாரும் வெட்டவில்லை. அடுத்த நொடி தொடங்கி முதல் பத்தி முழுவதையும் ஒரே மூச்சில் பாடி முடித்தார். முடித்துவிட்டு, நன்றாக இருந்ததா என்று கேட்டாராம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் குதித்துக்கொண்டிருந்ததாகப் பிரீமியர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தப் பத்தியில் ஒரு துப்பாக்கிச் சண்டை வருகிறது. சொல்பவனின் துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது. ஓடுகிறான், கட்டடத்தின் முகப்புக்குள் பாய்கிறான், அங்கே குழந்தைகள் நிரம்பியிருக்கிறார்கள். வீரப் பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. மற்ற ராப்பர்கள் எதிராளி விழுந்த இடத்தில் பத்தியை முடிப்பார்கள். இவர் கண் குழந்தைகள் மேல் போகிறது. நாஸ் தன்னை முதன்மையாக ஒரு பார்வையாளராகத்தான் வைத்துக்கொள்கிறார், கையில் துப்பாக்கி இருக்கும்போதுகூட. சொற்களை அடுக்கும் விதமும் அப்படியே. வரி முடிவில் மட்டும் இயைபு வைப்பது அவருக்குப் போதாது. வரியின் நடுவில், அடுத்த வரியின் தொடக்கத்தில், இரண்டு மூன்று அசைகள் சேர்ந்தாற்போல் எதுகை விழும். ஆனால் அதற்காகக் கதை ஓர் இடத்திலும் நொண்டாது. நம் சந்தப் பாடல்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த அருமை உடனே பிடிபடும்.

'லைஃப்ஸ் எ பிட்ச்' ஆல்பத்தின் மனம் என்று நான் நினைப்பது. எல்.ஈ.எஸ். குயின்ஸ்பிரிட்ஜ்காரர், கேப் பேண்டின் ஒரு காதல் பாட்டை எடுத்துத் தாளம் அமைத்தார். ஆல்பத்தில் விருந்தாளியாக வந்த ஒரே ராப்பர் ஏஇசட் முதல் பத்தியைப் பாடினார். இசைத்தட்டில் அவர் குரல் ஒலித்தது அதுவே முதல் முறை, அந்தப் பத்தி இன்றுவரை ராப்பின் சிறந்த பத்திகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. எப்படியும் சாகப்போகிறோம் என்கிறது அவர் பத்தி. நாஸின் பத்தியோ இருபது வயதை எட்டியதற்கு நன்றி சொல்கிறது. இருபதை எட்டுவது நன்றி சொல்ல வேண்டிய காரியமாக இருந்த ஒரு தெரு.

பாட்டின் முடிவில் கார்னெட் வருகிறது. வாசிப்பவர் ஓலு டாரா. நான் சின்னப் பையனாக இருந்ததை நினைத்தால் என்ன தோன்றுகிறதோ அதை வாசியுங்கள் என்று மகன் கேட்டுக்கொண்டாராம். வீட்டை விட்டுப் போன தகப்பன், மகன் சாவைப் பற்றிப் பாடி முடித்த இடத்தில் உள்ளே வந்து, சொல் எதுவும் இல்லாமல் வாசிக்கிறார். அவசரமில்லாத, மிசிசிப்பி ஈரம் உள்ள வாசிப்பு. பாட்டு மங்கி மறையும்வரை அது நிற்பதில்லை. அந்தத் தகப்பனின் சொந்த முதல் ஆல்பம் வந்தது 1998-இல், மகனுடையது வந்து நான்கு ஆண்டு கழித்து, அவருடைய 57-வது வயதில். அதில் மகனும் பாடினார்.

'ஒன் லவ்' சிறையிலிருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களாக அமைந்த பாட்டு. இசை க்யூ-டிப்; ஹீத் பிரதர்ஸின் 1975-ஆம் ஆண்டுத் தட்டிலிருந்து கட்டைவிரலால் மீட்டும் ஆப்பிரிக்கக் கருவியின் ஒலியை எடுத்திருக்கிறார். உனக்குப் பையன் பிறந்திருக்கிறான், உன் ஜாடை, உன் ஆள் உனக்கு எழுதுவதில்லை, இன்னாரைச் சுட்டுவிட்டார்கள் என்று ஊர்ச் செய்தியை ஒவ்வொன்றாக எழுதுகிறார். கடிதம் எழுதுவோருக்குத் தெரியும், உள்ளே இருப்பவனுக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற தயக்கம். அது இந்தப் பாட்டில் இருக்கிறது. கடைசிப் பத்தியில் கடிதம் நின்று, குடியிருப்புப் பெஞ்சில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனோடு நடக்கும் பேச்சு வருகிறது. போதைப்பொருள் விற்கும் பையன். அவனுக்கு இவர் சொல்லும் புத்திமதி, இந்த வேலையை விட்டுவிடு என்பதுகூட இல்லை. யார் மேல் குண்டு படலாம், யார் மேல் படக்கூடாது என்பது பற்றி. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இந்த நாற்பது நிமிடத்தில் பெண்கள் அநேகமாக இல்லை. வருகிற இடங்களில் வசைச்சொல்லாக வருகிறார்கள். ஆன் ஜோன்ஸ் போன்ற தாய்மார்கள் தாங்கிநின்ற குடியிருப்பு அது. அங்கிருந்து முதலில் நாடறியப் பாடியவர்களில் ஷான்டே ஒருத்தி. ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்த கண், வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கவில்லை.

அட்டைப்படத்தில் ஏழு வயது நாசிரின் முகம், ஓலு டாரா எடுத்த புகைப்படம், குடியிருப்புத் தெருவின் மேல் கலந்து நிற்கிறது. தெருவைப் படம் பிடித்தவர் டேனி கிளின்ச். அவர் அன்று குடியிருப்பு நண்பர்களைக் கூட்டமாக நிறுத்தியும் படம் எடுத்தார். 2014-இல் வந்த 'டைம் இஸ் இல்மாட்டிக்' ஆவணப்படத்தில் தம்பி ஜங்கிள் அந்தக் கூட்டப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்கிறார்: இவன் ஜெயிலில், இவனும், இவனுக்கு வழக்கு நடக்கிறது. ஒரே படத்தில் அத்தனை பேர். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் படித்து எனக்கு விளங்காதது அந்த விரல் நகரும்போது விளங்கியது.

ஆல்பம் வெளிவரும் முன்பே கள்ளக் கேசட்டாக நகரம் முழுவதும் சுற்றியது. மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது. 'தி சோர்ஸ்' பத்திரிகை அதற்கு ஐந்துக்கு ஐந்து 'மைக்' கொடுத்தது. ஓர் அறிமுகக் கலைஞருக்கு அன்று நினைத்துப் பார்க்க முடியாத மதிப்பெண். எழுதியவர் மின்யா ஓ என்ற இளம் பெண். பில்போர்டு பட்டியலில் 12-வது இடத்தில் நுழைந்தது, பிறகு மெதுவாகத்தான் விற்றது. ஐந்து லட்சம் பிரதிக்கான தங்கச் சான்று 1996 ஜனவரியில், பத்து லட்சத்துக்கான பிளாட்டினம் 2001-இல். நாஸின் அடுத்த ஆல்பம் இதைவிட வேகமாக, இதைவிடப் பல மடங்கு விற்றது. ஆனால் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2013-இல் அவர் பெயரில் ஓர் ஆய்வு நல்கை ஏற்படுத்தியபோதும், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2021-இல் காக்கப்பட வேண்டிய தேசியப் பதிவுகளின் பட்டியலில் சேர்த்தபோதும் நின்றது இந்த முதல் ஆல்பம்தான். பல இசையமைப்பாளர்களை ஒரே ஆல்பத்தில் கூட்டும் முறையும் இதன்பிறகு ராப்பில் வழக்கமாகிவிட்டது.

புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் தடமான 'தி ஜெனசிஸ்' பாட்டே இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். ரயில் ஓசை, 1983-இல் வந்த 'வைல்ட் ஸ்டைல்' படத்தின் பேச்சு, அதன் அடியில் மங்கலாக 'லைவ் அட் தி பார்பிக்யூ' பாட்டின் அந்த முதல் பத்தி, மேலே ஏஇசட், ஜங்கிள், நாஸ் மூவரும் பேசிக்கொண்டிருப்பது என்று ஒன்றே முக்கால் நிமிடத்துக்குள் இந்த ஆல்பம் எங்கிருந்து வந்தது என்று நாஸே சொல்லிவிடுகிறார். வரிகளை அச்சில் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தெருச்சொற்கள் முதலில் தடுக்கும். 'ஒன் லவ்' பாட்டை முதலில் கேளுங்கள், கதை பிடிபடும். அதன்பிறகு தொடக்கத்துக்குப் போய், வரிசை மாற்றாமல், கடைசிவரை கேளுங்கள்.